மடைநூலும் மனையடுப்பும்

கலைகளை அறுபத்து நான்கெனத் தொகுத்துக் கூறிய முன்னோர் சமைத்தலையும் அவற்றுள் ஒன்றாக வைத்து எண்ணினர். கலை என்று ஒன்றனை வகுத்தவிடத்து, அதனைக் கற்பிப்போரும் கற்போரும், கற்றற்குரிய நூலும் உளவாதல் இயல்பு. இசைக்கு இசைநூலும் கூத்திற்குக் கூத்தநூலும் இருந்தவாறு போலச் சமையலுக்கும் பண்டைக்காலத்தில் நூல் இருந்தது. அதற்குத் தமிழர் இட்ட பெயர் மடைநூல் என்பது.

மடை என்னும் சொல் சோறு, உணவு என்னும் பொருளது. உணவு சமைப்போன் மடையன் எனப்பட்டான். மடமை என்னும் பண்பினடியாகப் பிறந்து அறிவிலியைக் குறிக்கும் மடையன் என்னும் சொல் வேறு. ஒலியால் ஒத்தமையின் இரண்டும் ஒன்றென மயங்குதல் கூடாது. அரண்மனையிலும் திருக்கோயிலிலும் உணவு சமைக்கும் இடம் மடைப்பள்ளி ஆயிற்று. அரண்மனைகள் மறைந்தபோதிலும் கோயில் மடைப்பள்ளிகள் இன்றும் அப்பெயரைக் காத்து நிற்கின்றன. யாழ்ப்பாணத்துக் கிராமங்களில் வைரவருக்கு மடை வைத்தல் என்னும் வழக்கிலும் இப்பழஞ்சொல் உயிரோடிருத்தலைக் காணலாம். சொல் நின்றது, அச்சொல்லாற் பெயர்பெற்ற நூல் நின்றிலது. இன்று கைக்கு எட்டியுள்ள பழந்தமிழ் நூல்களுள் மடைநூல் ஒன்றேனும் இல்லை. நூல் மறையவும் சமையல் மறையாது நின்றமைக்குக் காரணம் யாது என்பது ஆராயற்பாலது.

மடைநூல் இருந்தது என்பதற்குத் தெளிவான சான்றுகள் இரண்டு உள. முதலாவது மணிமேகலை. அதன் இரண்டாவது காதையாகிய ஊரலருரைத்த காதையில், நாடகக் கணிகையர் பயிலவேண்டிய கலைகள் ஒரு நிரலாகச் சொல்லப்படுகின்றன. கூத்து, பாட்டு, தண்ணுமை, குழல், பந்தாடல் ஆகியவற்றோடு மடைநூற் பயிற்சியும் அந்நிரலில் இடம்பெற்றுள்ளது. அடுத்துச் சுண்ணம் செய்தல் முதலியன கூறப்படுகின்றன. இசையோடும் கூத்தோடும் ஒருங்கு வைத்து எண்ணத்தக்க பெருமை சமையல் நூலுக்கு அக்காலத்தில் இருந்தமை இதனாற் பெறப்படும்.

இரண்டாவது சான்று, பத்துப்பாட்டுள் ஒன்றாகிய சிறுபாணாற்றுப்படை. நல்லூர் நத்தத்தனார் ஓய்மானாட்டு நல்லியக்கோடனைப் பாடிய இப்பாட்டு 269 அடிகளை உடையது. தன்னை நாடிவந்த பாணர்க்கு அம்மன்னன் அளிக்கும் விருந்தைக் கூறுமிடத்து, பலவகையான அவ்வுணவுகள் வீமன் இயற்றிய நுண்ணிய நூலின் நெறியிற் பிறழாது சமைக்கப்பட்டன என்கின்றார் புலவர். வீமன் என்னும் பெயரை அவர் வெளிப்படக் கூறவில்லை. காண்டவ வனத்தைத் தீக்கு உணவாக்கிய அருச்சுனனின் தமையன் என்று குறிப்பாற் சுட்டுகின்றார். விளங்கும் பொற்கலத்தில் அவ்வுணவை இட்டு, மன்னன் தானே அருகு நின்று அன்போடு உண்பிக்கின்றான்.

வீமன் பெயரால் ஒரு சமையல் நூல் வழங்கியமை வியப்பன்று. பாண்டவர் விராடன் நகரில் மறைந்துறைந்த ஓராண்டில் வீமன் அம்மன்னனின் அடுக்களையில் மடைத்தொழில் செய்தான் என்பது பாரதம். நளனும் அவ்வாறே தன் உருவம் மறைந்த நிலையில் இருதுபன்னனிடம் பணி செய்தான். அவன் சமைத்த உணவின் சுவையைக் கொண்டே தமயந்தி அவனை அடையாளம் கண்டாள். சுவைமிக்க உணவை நளபாகம் என்றும் வீமபாகம் என்றும் இன்றும் கூறும் வழக்கு இக்கதைகளின்வழி வந்ததாகும். நளன் பெயரால் வழங்கும் பாகதர்ப்பணம் என்னும் வடமொழி நூலும் உளது. வாழ்நாள் முழுதும் அடுக்களையில் நின்றவர் பெயரால் இந்நூல்கள் வழங்கவில்லை; சிலகாலம் அடுக்களையில் ஒளிந்திருந்த அரசர் இருவர் பெயராலேயே வழங்கின. இது சிந்திக்கற்பாலது.

பிற்காலத்திலும் இந்நிலை பெரிதும் மாறவில்லை. மேலைச் சாளுக்கிய மன்னனான மூன்றாம் சோமேசுவரன் 1129 ஆம் ஆண்டளவில் இயற்றிய மானசோல்லாசம் என்னும் வடமொழிக் களஞ்சியத்தில் அரசன் நுகரும் உணவுகளைக் கூறும் பகுதி ஒன்று உண்டு. இட்டலியின் முன்னோடி எனக் கருதப்படும் இட்டரிகை அங்குக் கூறப்படுகின்றது. அது உழுந்தினாற் செய்யப்படுவது. அரிசி அதிற் சேர்க்கப்படவில்லை. இக்காலத்து இட்டலிக்கு அரிசியும் உழுந்தும் இரண்டும் வேண்டும். ஓர் உணவு காலந்தோறும் எவ்வாறு மாறிவந்துள்ளது என்பதை ஆண்டோடு பொருத்தி அறிய இத்தகைய குறிப்புகளே துணைபுரிகின்றன. 1508 இல் கன்னடத்தில் சூபசாத்திரம் இயற்றிய மூன்றாம் மங்கரசனும் ஆளும் குடியைச் சேர்ந்தவனே.

மேனாட்டிலும் இதுவே நிலைமை. உரோமர் வழிவந்த பழைய சமையல் நூல் அபீசியசு என்னும் பெயரால் வழங்குகின்றது. அப்பெயருடையோன் தைபீரியசு மன்னன் காலத்துப் பெருஞ்செல்வன். உண்டிச் சுவையிற் பெயர்பெற்றவன். அவனுக்குச் சில நூற்றாண்டுகளின் பின்னரே அந்நூல் இன்றைய வடிவில் தொகுக்கப்பட்டது. அதன் சமையற் குறிப்புகளுட் பெரும்பாலனவற்றில் மிளகு இடம்பெறுகின்றது. யவனரின் மரக்கலங்கள் பொன்னோடு முசிறிக்கு வந்து மிளகோடு மீண்டமையை அகநானூற்றின் 149 ஆம் பாட்டு கூறுகின்றது. முசிறியிலிருந்து சென்ற மிளகைக் கொண்டு சமைத்த உரோமச் செல்வரின் குறிப்புகள் எஞ்சியுள்ளன. அம்மிளகைக் கொடியிலிருந்து பறித்தவரின் அடுக்களையில் என்ன சமைக்கப்பட்டது என்பதை எழுதிய சமையல் நூல் இல்லை.

எனினும் பண்டைத் தமிழ் மக்களின் உணவு முற்றும் மறைந்துவிடவில்லை. சமையல் நூலார் எழுதாது விட்டதைப் புலவர் எழுதிவைத்தனர். ஆற்றுப்படை நூல்கள், பரிசில் பெற்ற ஒருவன் வறிய ஒருவனுக்கு வழிகாட்டும் முறையில் அமைந்தவை. பசியோடு நடப்பவனுக்கு வழி கூறுவோன், எந்த நிலத்தில் எவ்வுணவு கிட்டும் என்பதைக் கூறாது விடுதல் இயலாது. ஆதலின் அவை நிலவாரியான உணவுக் குறிப்பேடுகளாகவும் அமைந்துவிட்டன.

கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படை இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. பாலைநிலத்து எயினப் பெண்டிர் கடப்பாரையால் நிலத்தைக் கிளறிப் புல்லரிசி திரட்டுகின்றனர். அதனை நிலவுரலிற் குற்றி, கிணற்றில் ஊறிய உவர்நீரில் உலையேற்றி, உலர்ந்த இறைச்சியோடு உண்ணத் தருகின்றனர். முல்லை நிலத்திலோ பாலோடு தினைச்சோறும், அவரைப் பருப்போடு வரகுச்சோறும் கிடைக்கும். மருத நிலத்தில் வெண்ணெற் சோறும் கோழியிறைச்சியும் விருந்தாகும். பெருங்கௌசிகனாரின் மலைபடுகடாத்தில் மலைவாழ்நர் மூங்கிலரிசி, நெல்லரிசி, அவரை விதை ஆகியவற்றைப் புளியோடு சேர்த்துக் காய்ச்சிய கூழ் பேசப்படுகின்றது. மாங்குடி மருதனாரின் மதுரைக்காஞ்சி, நள்ளிரவு அணுகும் வேளையில் அடையும் மோதகமும் விற்ற வணிகர் தம் பண்டங்களோடு அமர்ந்தவாறே உறங்கும் காட்சியைக் காட்டுகின்றது. கடைத்தெரு உணவுக்கும் இரண்டாயிரம் ஆண்டளவான வரலாறு உண்டு என்பது இதனால் விளங்கும்.

இவை யாவற்றினும் விரித்து நோக்கத்தக்கது, பெரும்பாணாற்றுப்படையில் அந்தணர் மனையிற் கிடைக்கும் உணவைக் கூறும் பகுதி. பசுமோரிலிருந்து எடுத்த வெண்ணெயில் மாதுளையின் பிஞ்சுக்காய்த் துண்டுகளை வேகவைத்து, மிளகுப்பொடி கலந்து, கறிவேப்பிலை சேர்த்துப் பொரியல் செய்யப்படுகின்றது. உயர்ந்த வகை நெற்சோற்றோடு அதுவும், மாவடு ஊறுகாயும் இடப்படுகின்றன. காய் இன்னது, கொழுப்பு இன்னது, காரம் இன்னது, மணப்பொருள் இன்னது, துணைக்கறி இன்னது என ஐந்தும் முறைப்படக் கூறப்பட்டமையின், இதனைக் கொண்டு இன்றும் ஒருவர் சமைத்துவிடலாம். இதிற் காரம் தருவது மிளகு. அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட மிளகாய், போர்த்துக்கேயர் வருகைக்குப் பின்னரே இந்நாடுகளிற் பரவியது. மிளகைப்போற் காரமுடைய காய் என்னும் கருத்திலேயே அதற்கு மிளகாய் என்று பெயர் அமைந்தது.

இவ்வுணவை ஆக்கியவள் அம்மனைத் தலைவி. அவள் ஒரு நூலின் நெறியிற் சமைத்தாள் என்று புலவர் கூறவில்லை; செவ்வி அறிந்து சமைத்தாள் என்றே கூறுகின்றார். நல்லியக்கோடன் அரண்மனையில் நூல் வழிகாட்டுகின்றது. இம்மனையில் பழகிய கையும் கண்ணும் வழிகாட்டுகின்றன. மடைநூலுக்கும் மனையடுப்புக்கும் உள்ள வேறுபாடு இவ்விரு பாட்டுகளையும் ஒருங்குவைத்து நோக்கும்போது புலனாகின்றது.

கூடலூர்கிழார் பாடிய குறுந்தொகை 167 ஆம் பாட்டில் இவ்வேறுபாடு இன்னும் தெளிவாகின்றது. மணம் முடித்துத் தனிமனை புகுந்த இளம்பெண் ஒருத்தி முற்றிய தயிரை மெல்விரலாற் பிசைகின்றாள். அவ்விரலை ஆடையில் துடைத்து, அதனை மாற்றாமலே வேலையைத் தொடர்கின்றாள். தாளிப்பின் புகை கண்ணிற் படுகின்றது, அவள் விலகவில்லை. தானே துழாவிச் சமைத்த புளிக்குழம்பைக் கணவன் இனிதென உண்ண, அவள் முகம் நுண்ணிதாக மலர்கின்றது. இதனைக் கண்டுவந்த செவிலி நற்றாய்க்குக் கூறுகின்றாள். பெண் பிறந்த வீட்டிற் கற்றதைப் புகுந்த வீட்டிற் பிழையின்றிச் செய்கின்றாளா என்று அறிய விரும்பும் தாய்க்கு உரிய விடை இது. இங்கே தாய் ஆசிரியர், மகள் மாணாக்கி, செவிலி தேர்வாளர். இக்கல்விக்கு ஏடு வேண்டியிருக்கவில்லை. ஏடு வேண்டாமையால் ஏட்டை அரிக்கும் செல்லும் அதனைத் தீண்டவில்லை. மடைநூல் மறைந்த பின்னும் சமையல் மறையாதிருந்தமைக்குக் காரணம் இதுவே.

ஆயினும் கைவழி வந்த கல்வி பேசாத கல்வி. அதனை நிலைபெறச் செய்தற்கு அருகில் ஒரு புலவன் நிற்கவேண்டும். சிறுபாணாற்றுப்படையிலேயே வீமன் நூல் கூறப்படுதற்கு முன்னர் மற்றோர் அடுக்களை காட்டப்படுகின்றது. கண் திறவாத குட்டிகள் பால் இல்லாத மடியைப் பற்ற, ஈன்ற நாய் வலி பொறாது குரைக்கின்றது. சுவரைக் கறையான் அரித்த மண்ணிற் காளான் பூத்துள்ளது. பசியால் மெலிந்த கிணைமகள் குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தாற் கிள்ளி, உப்பும் இன்றி வேகவைக்கின்றாள். பிறர் காண நாணிக் கதவை அடைத்துச் சுற்றத்தோடு அதனை உண்கின்றாள். நல்லியக்கோடனைக் காணுமுன் அப்பாணர் குடி இருந்த நிலை இது. ஒரே பாட்டில் இரண்டு அடுக்களைகள் உள. முன்னதற்கு நூல் ஏது? வீமன் நூலுக்கு உப்பில்லாக் கீரையைப் பற்றிக் கூறவேண்டிய தேவை இல்லை. ஒரு சமுதாயத்தின் உணவு வரலாற்றைச் சமையல் நூல்களைக் கொண்டு மட்டும் எழுதப் புகுவோர், அடைத்த அக்கதவின் உட்புறத்தைக் காணமாட்டார்.

அச்சுப்பொறியின் வரவு இந்நிலையை மாற்றியது. அரசர்க்குரியதாய் இருந்த சமையல் நூல் இல்லத்தரசியின் கையை அடைந்தது. பின்னர் இல்லத்தரசியே அதனை எழுதினாள். சென்னையில் எஸ். மீனாட்சி அம்மாள் எழுதிய சமைத்துப் பார் என்னும் நூலின் முதற்பாகம் 1951 இல் வெளிவந்தது. அவர் கைச்சுவையை அறிந்த உறவினர் செய்முறை கேட்டு அடிக்கடி கடிதம் எழுதினர். அவற்றை நூலாக்குமாறு உறவினரான கே. வி. கிருஷ்ணசாமி ஐயர் தூண்டினார். தாயின் அருகில் நின்று கற்கும் வாய்ப்பு இல்லாத இளம் பெண்களுக்கு அந்நூல் தாயாயிற்று. மணமக்களுக்குப் பரிசாக அதனைக் கொடுக்கும் வழக்கமும் தோன்றியது. குறுந்தொகைச் செவிலி நேரிற் சென்று கண்டதைப் பிற்காலத்தில் அஞ்சற் கடிதமும், அதன்பின் அச்சு நூலும் செய்யவேண்டியதாயிற்று. மனைகள் தொலைவிற் பிரியும்போதுதான் மடைநூல் தேவையாகின்றது.

இலங்கையில் கில்டா டியூற்றம் தொகுத்த சிலோன் டெயிலி நியூஸ் சமையல் நூல் 1929 இல் ஆங்கிலத்தில் வெளிவந்து பலமுறை பதிப்பிக்கப்பட்டது. யாழ்ப்பாணத்தின் பழைய மனையுணவுகளோ நெடுங்காலம் கைவழியே வந்தன. ஒடியற்கூழை எடுத்துக்கொள்க. பனங்கிழங்கைப் பச்சையாகக் கிழித்து உலர்த்தி இடித்த மாவை நீரில் ஊறவிட்டு, அந்நீரை வடித்துக் கைப்பை நீக்கல் வேண்டும். மீன், நண்டு, இறால், பயிற்றங்காய், பலாக்கொட்டை முதலியன வெந்தபின், புளியும் அரைத்த செத்தல்மிளகாயும் சேர்த்து மாவைக் கரைத்து விடுதல் வேண்டும். எத்துணை நேரம் ஊறவேண்டும், எப்பதத்தில் இறக்கவேண்டும் என்பவற்றைப் பேரன்னையின் கையும் நாவும் அறிந்திருந்தன. பனை வளராத நாட்டிற் பிறந்த பேரப்பிள்ளைக்கு அக்கையின் பக்கத்தில் நிற்கும் வாய்ப்பு இல்லை.

நூல் அழியும் என்பதை இந்நிலத்தோர்க்கு எடுத்துக் கூறவேண்டியதில்லை. 1981 சூன் மாதத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியுண்டது. கைவழிக் கல்வியும் அறும் என்பதை 1995 ஆம் ஆண்டின் பேரிடப்பெயர்வும், அதற்கு முன்னும் பின்னும் கடல் கடந்து சென்ற குடும்பங்களின் வாழ்வும் காட்டின. ஒன்று அழிந்தவிடத்து மற்றொன்று காக்கவேண்டுமாயின் இரண்டும் வேண்டும். பத்துப்பாட்டை உ. வே. சாமிநாதையர் நச்சினார்க்கினியர் உரையோடு 1889 இல் அச்சிட்டிராவிடின், மாதுளைப் பிஞ்சின் பொரியலும் உப்பில்லாக் கீரையும் அருகிய ஏடுகளோடு மறைந்திருத்தல் கூடும்.

ஆதலின் தம் இல்லத்து முதியோர் சமைக்கும் முறையை அளவும் பதமும் காலமும் குறித்து எழுதிவைத்தல் கற்ற இளைஞர் செய்யத்தக்க பணியாகும். விழாக்காலத்து விருந்தை மட்டுமன்றிப் பஞ்சகாலத்துக் கஞ்சியையும் எழுதல் வேண்டும். வீமன் நூலிற்கு எட்டாத அடுக்களையும் அப்பொழுது ஏட்டில் இடம்பெறும்.