ஜெர்மன் குத்துவாளில் ஒட்டிய சின்னம்: எதை நம்பலாம்?

ஜெர்மன் தரைப்படை அதிகாரிகள் 1935 முதல் அணிந்த குத்துவாள் ஒன்று விற்பனைக்கு வருகிறது. கைப்பிடியின் நடுவில் சின்னஞ்சிறு உலோக மண்டையோடு. “டாங்கிப் படை அதிகாரியுடையது, அபூர்வம்” என்று சொல்லி, சாதாரணக் குத்துவாளைப் போலப் பல மடங்கு விலை கேட்கிறார் விற்பவர். அந்த மண்டையோட்டை எப்படி மதிப்பிடுவது?

முதலில் விதிப்படி என்ன இருக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளுங்கள். 1935 மாதிரியில் கைப்பிடியின் நுனியிலுள்ள குமிழில் ஓக் இலைகள் சுற்றியிருக்கும். கைக்காப்பில் ஸ்வஸ்திகாவைப் பற்றிய கழுகு. கைப்பிடி வெள்ளை முதல் ஆரஞ்சு வரையிலான நிறத்தில், முறுக்கிய வரிகளோடு இருக்கும். காலாட்படை, பீரங்கிப் படை, டாங்கிப் படை எல்லாவற்றுக்கும் இதே வாள்தான். எந்தப் பிரிவுக்கும் தனிச் சின்னம் கிடையாது. எனவே கைப்பிடியில் எது இருந்தாலும் அது பிற்பாடு யாரோ சேர்த்ததே. யார், எப்போது சேர்த்தார்கள் என்பதுதான் விலையைத் தீர்மானிக்கும் கேள்வி.

போர்க்காலத்திலேயே மாற்றங்கள் நடந்தன என்பதை மறுக்க முடியாது. அதிகாரிகள் குத்துவாளைச் சொந்தக் காசில் வாங்கினார்கள். சோலிங்கன் நகரத்து ஐக்ஹார்ன் போன்ற நிறுவனங்கள் கூடுதல் விலைக்கு அலகில் பூவேலை செய்து கொடுத்தன. உறையிலோ கைக்காப்பிலோ பெயரெழுத்தைப் பொறித்துக்கொண்டவர்களும் உண்டு. கடற்படையில் அரசியலே வாளை மாற்றியது. கெய்சர் காலத்துக் கிரீடக் குமிழ் முடியாட்சி வீழ்ந்ததும் தீச்சுடர் வடிவக் குமிழுக்கு இடம்விட்டது. 1938-இல் கழுகுக் குமிழ் வந்தபோது பல அதிகாரிகள் பழைய வாளிலேயே குமிழை மட்டும் மாற்றிக்கொண்டார்கள். நாஜிக் கட்சியின் எஸ்.ஏ. படைத்தலைவர் எர்ன்ஸ்ட் ரோம் 1934-இல் தம் கையெழுத்தோடு நட்பு வாசகம் பொறித்த குத்துவாள்களை வழங்கினார். அதே ஆண்டு ஜூன் இறுதியில் தொடங்கிய களையெடுப்பில் அவர் கொல்லப்பட்டதும், அந்த எழுத்தைத் தேய்த்து அழிக்க உத்தரவு வந்தது. இவற்றுக்கெல்லாம் காரணம் தெரியும், தேதி தெரியும், ஒரேமாதிரியான பல வாள்கள் இன்றும் இருக்கின்றன. நமது மண்டையோட்டுக்கு இவற்றில் எதுவும் இல்லை.

டாங்கிப் படையினர் மண்டையோட்டுச் சின்னத்தைச் சட்டைக் கழுத்துப் பட்டையில் அணிந்தார்கள். துணியில் குத்தி மடக்குவதற்காக அதன் பின்புறம் ஊசிகள் இருந்தன. இது ஏராளமாகத் தயாரான பொருள். நகல்கள் இன்றும் கிடைக்கின்றன. கைப்பிடியில் இரண்டு துளை போட்டால் போதும், எவர் வீட்டு மேசையிலும் ‘அபூர்வ’ வாள் பிறந்துவிடும். பழைய பிரவுன்ஷ்வைக் படையின் மரபைக் காத்த 17-ஆம் காலாட்படை ரெஜிமெண்ட் தொப்பியில் மண்டையோடு அணிந்தது உண்மை. அந்த ரெஜிமெண்டின் அதிகாரி ஒருவர் வாளிலும் பதித்துக்கொண்டிருக்கலாம். ஆனால் ‘இருக்கலாம்’ என்பதற்கு யாரும் காசு கொடுக்கக் கூடாது.

சின்னத்தின் முகத்தை விட அதன் விளிம்பை உற்றுப் பாருங்கள். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் போதும். கைப்பிடிப் பொருள் பல பத்தாண்டு வெளிச்சத்தில் நிறம் ஆழ்ந்திருக்கும். சின்னம் மறைத்த இடம் அப்படி மாறியிருக்காது. விளிம்பை ஒட்டி அந்த நிற வேறுபாடு தெரியவே இல்லை என்றால் சந்தேகியுங்கள். குமிழிலும் கழுகிலும் மேடான இடங்கள் தேய்ந்து மழுங்கியிருக்க, சின்னம் மட்டும் கூர்மையாக இருந்தால் அது அந்த வாளோடு வாழவில்லை. துளையின் ஓரத்தில் பழைய அழுக்குப் படிந்திருக்கிறதா, புதிதாகத் துளைத்த வெளுப்பு தெரிகிறதா என்றும் பாருங்கள். பசை இருந்தால் இன்னும் தெளிவு: எபோக்சி பசை 1946-இல்தான் சந்தைக்கு வந்தது, உடனடியாக ஒட்டும் சயனோஅக்ரிலேட் 1958-இல். எஸ்.ஏ. வாளோடு ஒப்பிடுவதும் உதவும். அதன் மரக் கைப்பிடியில் கழுகின் உருவத்துக்கேற்ப மரத்தைக் குடைந்து, அதில் உலோகத்தை மேற்பரப்போடு சமமாகப் பதித்திருப்பார்கள். தொழிற்சாலை வேலை அப்படித்தான் இருக்கும், மேலே ஒட்டிக்கொண்டு நிற்காது.

ஒரு சிக்கல் உண்டு. 1945-இல் அமெரிக்கச் சிப்பாய்கள் குத்துவாள்களை நினைவுப்பொருளாக அள்ளிச் சென்றார்கள். மிஞ்சிய உதிரிப் பாகங்களைக் கோத்தும் அவர்களுக்காக வாள்கள் உருவாயின. அவர்களில் ஒருவர் கையில் கிடைத்த சின்னத்தை அப்போதே பதித்திருந்தால், நிற வேறுபாடும் தேய்மானமும் நிஜமாகவே பழையதாக இருக்கும். ஆனாலும் அது எந்த ஜெர்மன் அதிகாரியின் வரலாறும் ஆகாது. இதனால்தான் பழமையை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். அணிந்தவர் அதே வாளோடு நிற்கும் போர்க்காலப் புகைப்படம் வேண்டும், அதில் சின்னம் தெரிய வேண்டும். விற்பவர் சொல்லும் குடும்பக் கதை அந்த இடத்தை நிரப்பாது. நாஜிகளின் ‘எஸ்.எஸ்.’ படையின் முத்திரை ஒட்டிய வாள்களில் இன்னும் கண்டிப்பு தேவை. அங்கே பொய்ச் சின்னம் விலையை ஏற்றுவதோடு, கொடூரமான ஓர் அமைப்பின் வரலாற்றில் பொய் ஆவணத்தையும் சேர்க்கிறது.

சான்று இல்லாவிட்டால், சின்னம் இல்லாத வாளுக்கான விலையைச் சொல்லுங்கள். துளை விழுந்த கைப்பிடிக்காக அதிலும் கொஞ்சம் குறைத்தே சொல்லுங்கள். வாங்கிய பிறகு சின்னத்தை நெம்பி எடுக்காதீர்கள், கைப்பிடி விரிசல் விடும். சூடான ஊசியால் குத்திப் பார்க்கும் சோதனையும் வேண்டாம். பல கைப்பிடிகள் செல்லுலாய்டால் ஆனவை, எளிதில் தீப்பற்றும்.