நரம்பு சிதைவதை ரத்தம் சொல்லுமா?

ஏ.எல்.எஸ். எனும் இயக்க நரம்பணு நோயில் தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் மடிகின்றன. நோயாளி எவ்வளவு தளர்ந்திருக்கிறார் என்பதைப் பேச்சு, விழுங்குதல், நடை, மூச்சு என்று கேட்டு 48க்கு மதிப்பெண் போடுவதே வழக்கம். அது நடந்து முடிந்த இழப்பின் கணக்கு. நடந்துகொண்டிருக்கும் சேதத்தை அறிய நியூரோஃபிலமென்ட் என்ற புரதம் உதவுகிறது. நரம்பிழைக்குள் சட்டமாக நிற்கும் இது, இழை சிதையும்போது தண்டுவட நீரிலும் ரத்தத்திலும் கசிகிறது. அதன் அளவு கூடுதலாக இருப்பவர்களுக்கு நோய் பொதுவாக வேகமாக முற்றுகிறது. புது மருந்து வேலை செய்கிறதா என்று தீர்மானிப்பதில் இந்தப் புரதத்தின் சாட்சியத்துக்கு மதிப்பெண்ணுக்குக் குறையாத இடம் வேண்டும் என்பேன்.

டோஃபர்சென் மருந்தையே பார்க்கலாம். ஏ.எல்.எஸ். நோயாளிகளில் சுமார் 2 சதவீதத்தினருக்கு எஸ்.ஓ.டி.1 மரபணுப் பிறழ்வே காரணம். அந்த மரபணுவின் செய்தியை அழிப்பதுதான் இம்மருந்தின் வேலை. 108 பேரிடம் 28 வாரம் நடந்த சோதனையில் நியூரோஃபிலமென்ட் பாதிக்கும் கீழே இறங்கியது. மதிப்பெண்ணிலோ சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. ஆனாலும் அமெரிக்காவின் மருந்து ஒப்புதல் அமைப்பான எஃப்.டி.ஏ. 2023 ஏப்ரலில் புரதத்தின் சாட்சியத்தை நம்பித் துரித ஒப்புதல் அளித்தது. ரத்த அளவு குறைந்தால் நோயாளிக்கு என்ன லாபம் என்ற கேள்வி எழுந்தது, நியாயமான கேள்விதான். மாரடைப்பு வந்தவர்களின் சீரற்ற இதயத் துடிப்பை அடக்கிய மருந்துகள் சாவைக் கூட்டின என்று 1989இல் தெரியவந்ததை மருத்துவம் மறக்கவில்லை. ஆனால் அங்கே துடிப்புக்கும் சாவுக்கும் இடையே இருந்தது ஓர் அனுமானம். இங்கே புரதம் சிதையும் நரம்பிலிருந்தே வருகிறது. மருந்தும் நோயின் வேரைத் தொடுகிறது. டோஃபர்சென் சோதனை நீட்டிக்கப்பட்டு ஓராண்டு முடிந்தபோது, முன்பே மருந்தைத் தொடங்கியவர்கள் 6 புள்ளிகளும், தாமதமாகத் தொடங்கியவர்கள் 9.5 புள்ளிகளும் இழந்திருந்தார்கள். எல்லோரும் மருந்து என்று தெரிந்தே எடுத்த காலமும் இதில் சேர்ந்திருப்பதால் இதை முழு நிரூபணமாகக் கொள்ள முடியாது. மதிப்பெண் மட்டும் ஏமாற்றாததா என்ன? 137 பேரிடம் மதிப்பெண் சரிவைக் குறைத்ததாகக் காட்டி 2022இல் ஒப்புதல் வாங்கிய ரெலிவ்ரியோ என்ற இன்னொரு ஏ.எல்.எஸ். மருந்து, 664 பேரிடம் சோதித்தபோது தோற்று, 2024இல் சந்தையைவிட்டே போனது.

பக்கவாதம், தலைக்காயம், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் இவற்றிலும் நியூரோஃபிலமென்ட் ஏறும், வயதானாலும் ஏறும். ஆகவே விரல் துடிக்கிறது என்று ஆய்வகத்துக்கு ஓடுவதில் பயனில்லை. இது இன்ன நோய் என்று சொல்லாது, சேதத்தின் வேகத்தைத்தான் சொல்லும். அந்த வேகம் கைகால் தளரும் முன்பே தெரிந்துவிடுகிறது என்பதுதான் இதன் பெரிய பலம். எஸ்.ஓ.டி.1 பிறழ்வு இருந்தும் அறிகுறி ஏதுமில்லாதவர்களின் ரத்தத்தைத் தொடர்ந்து பார்த்து, நியூரோஃபிலமென்ட் உயர்ந்ததுமே டோஃபர்செனைச் சோதிக்கும் அட்லஸ் ஆய்வு இதை நம்பித்தான் நடக்கிறது. அவர்களிடம் மதிப்பெண் பட்டியலை நீட்டினால் இன்னும் 48க்கு 48தான் வரும்.