ஒழுங்கைக்கு ஒரு சங்கம்

குடியிருப்பாளர் சங்கம் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது வருடத்துக்கு ஒரு சிரமதானம், ஒரு பொதுக்கூட்டம், அந்தக் கூட்டத்தில் ஒரு சண்டை. எங்கள் ஒழுங்கையின் சங்கத்துக்கும் நெடுநாள் அந்தப் பெயர்தான். கொழும்பை அண்டிய புறநகர் ஒன்றில், பிரதான வீதியிலிருந்து மேடேறி உள்ளே போய் முடிந்துவிடும் ஒழுங்கை எங்களுடையது. 34 வீடுகள். பாதிக்குச் சற்றுக் கூடுதலாக முஸ்லிம்கள், மிகுதியில் பெரும்பாலும் சிங்களவர்கள், நான்கு தமிழ்க் குடும்பங்கள். செயலாளர் ஓய்வுபெற்ற சிங்கள ஆசிரியர். அவர் சிங்களத்தில் எழுதும் கூட்டறிக்கையைத் தமிழில் எழுதுவது இரண்டு வருடங்களாக என் பொறுப்பு. எழுதியதோடு பழைய அறிக்கைப் புத்தகங்களையும் புரட்டிப் பார்த்ததில், இப்படியொரு சங்கம் எதனால் இயங்குகிறது, எங்கே நின்றுவிடுகிறது என்பது ஓரளவு விளங்கியது. அதை நம் கல்லூரி மாணவியரோடும் பெற்றோரோடும் பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

முதலில் ஒரு வேறுபாட்டைச் சொல்ல வேண்டும். தொடர்மாடிகளில் வாழ்வோருக்குச் சங்கம் என்பது சட்டமே தரும் அமைப்பு. தொடர்மாடி உடைமை பற்றிய 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டமும் அதன் திருத்தங்களும் வீட்டு உரிமையாளர்களை ஒரு முகாமைத்துவக் கூட்டுத்தாபனமாக்குகின்றன. படிக்கட்டு, மின்தூக்கி, நீர்த்தாங்கி, கூரை ஆகிய பொது உடைமைகளைப் பராமரிக்க அது பணம் அறவிடலாம். ஒழுங்கைச் சங்கத்துக்கு அந்தப் பலம் கிடையாது. சேர விரும்பாதவரை யாரும் சேர்க்க முடியாது. சந்தா தராதவரிடம் வழக்குப் பேச முடியாது. எங்கள் தலைவர் எந்த வீட்டுக் கதவையும் தட்டலாம்; திறக்கும்படி கட்டளையிட முடியாது.

அப்படியானால் இதனால் என்ன பயன் என்று என் வாப்பாவே கேட்டிருக்கிறார். அறிக்கைப் புத்தகங்களைப் பார்த்தபின் எனக்குத் தோன்றுவது இதுதான்: தனி வீட்டாரின் முறைப்பாடு வாயோடு போய்விடுகிறது, சங்கத்தின் முறைப்பாடு திகதியோடு ஒரு தாளில் தங்கிவிடுகிறது. அலுவலகத்தில் உத்தியோகத்தர் மாறுவார், நம் வட்டார உறுப்பினரும் மாறுவார். "இது பற்றி இன்ன திகதியில் எழுதினோம், இதோ உங்கள் முத்திரை பதித்த பிரதி" என்று காட்டுவதற்கு யாராவது ஒருவரிடம் கோவை இருக்க வேண்டும். எங்கள் வடிகான் விடயத்தில் அந்தக் கோவை இல்லாதிருந்தால் இன்றைக்கும் முழங்கால் தண்ணீரில்தான் நடந்திருப்போம்.

அந்த வடிகானைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும். ஒழுங்கையின் ஒரு பக்கமாக, மேட்டு வீடுகளிலிருந்து பள்ளத்து வீடுகள் வரை அது வருகிறது. பின்னர் பிரதான வீதிக்கு அடியிலுள்ள மதகினூடாக அப்பால் உள்ள கால்வாயில் விழுகிறது. வாகனம் உள்ளே போவதற்காக ஒவ்வொரு வீட்டாரும் தத்தம் வாசலில் வடிகானுக்கு மேல் சீமெந்துப் பலகை போட்டிருந்தார்கள். சிலர் கழற்ற முடியாதபடி கொங்கிரீட் இட்டு மூடியே விட்டார்கள். மூடியதற்குக் கீழே மண் தேங்கும். கழுவிய சோறும் பொலித்தீன் பையும் அந்த மண்ணில் சிக்கும். அடைப்பு எங்கே இருக்கிறது என்று மேலிருந்து தெரியாது. மேட்டு வீட்டார் விடுவதைப் பள்ளத்து வீட்டார் அனுபவிப்பார்கள். வெள்ளம் வருவது எப்போதும் கடைசி ஆறு வீடுகளுக்குத்தான். மற்ற 28 வீடுகளுக்கும் அது மழைநாளில் கேட்கும் ஒரு செய்தி மட்டுமே.

பலகைகளைக் கழற்றக்கூடியதாக மாற்றும்படி சங்கம் வீடு வீடாகப் பேசியது. பெரும்பாலானோர் மாற்றினார்கள். இரண்டு சிரமதானம் செய்து மண்ணும் அள்ளினார்கள். அடுத்த பெருமழையில் மீண்டும் அதே வெள்ளம். காரணம் மதகு. வடிகான் முழுவதும் சுத்தமானாலும் வெளியேறும் வாய் அடைத்திருந்தால் தண்ணீர் எங்கே போகும்? மதகைத் துப்புரவாக்கக் கோரி எங்கள் உள்ளூராட்சி சபைக்கு எட்டு மாதங்களில் நான்கு கடிதங்கள் போயின. ஒன்றுக்கும் பதில் இல்லை.

இங்கேதான் ஒரு குடியிருப்பாளர் சங்கம் கட்டாயம் அறிந்திருக்க வேண்டிய விடயம் வருகிறது. கண்ணுக்கு முன்னால் ஒரே தெருவாகத் தெரிவது சட்டத்தின் முன்னால் பல சொந்தக்காரருக்குரியது. நம் நாட்டில் ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியவை. சி, டி தர வீதிகள் மாகாண நிருவாகத்தைச் சேர்ந்தவை. எங்களைப் போன்ற ஒழுங்கைகள் உள்ளூராட்சி சபைக்குரியவை. மின்கம்பம் மின்சார நிறுவனத்துடையது, அதில் தொங்கும் வீதி விளக்கைப் பராமரிப்பது உள்ளூராட்சி சபை. தண்ணீர்க் குழாய் மானி வரைக்கும் நீர் வழங்கல் சபையின் பொறுப்பு, மானிக்கு இப்பால் ஒழுகினால் அது நம் பொறுப்பு. வாசல் தவறினால் எவ்வளவு நல்ல கடிதமும் கோவைக்குள் உறங்கிவிடும்.

மதகு யாருக்குரியது என்று கேட்டதற்கும் தெளிவான பதில் கிடைக்கவில்லை. எனவே சங்கம் தகவலுக்கான உரிமைச் சட்டத்தைப் பயன்படுத்தியது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டமான இது 2017 பெப்ரவரி 3ஆம் திகதி முதல் நடைமுறைக்கு வந்தது. அரச நிறுவனத்திடமிருந்து தகவல் கேட்பவர், ஏன் கேட்கிறார் என்று காரணம் கூறத் தேவையில்லை. தகவல் உத்தியோகத்தர் 14 வேலை நாட்களுக்குள் தமது முடிவை அறிவிக்க வேண்டும். தனி ஆள் மட்டுமல்ல, உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினராவது இலங்கைப் பிரஜைகளாக உள்ள சங்கமும் கேட்கலாம். அது பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டுமென்பதும் இல்லை. ஒற்றை வரிக் கேள்வி எழுதப்பட்டது: இன்ன இடத்திலுள்ள மதகைப் பராமரிக்கும் பொறுப்பு எந்த நிறுவனத்துடையது? பதில் வந்தது. அது சபைக்குரியதல்ல, பிரதான வீதியோடு சேர்ந்தது. ஐந்தாவது கடிதம் உரிய வாசலுக்குப் போனது, முந்திய நான்கின் பிரதிகளோடு.

கடிதம் எழுதுவது பற்றி மாணவியருக்காக ஒரு சொல். நமக்குப் பரீட்சையில் வரும் முறைப்பாட்டுக் கடிதத்தில் "எமது பகுதி மக்கள் சொல்லொணாத் துன்பத்துக்கு ஆளாகியுள்ளனர்" என்றெல்லாம் எழுதிப் பழக்கம். அலுவலகத்தில் அந்த வரியை யாரும் வாசிப்பதில்லை. எந்த இலக்க வீட்டுக்கு முன்னால், எந்தத் திகதியிலிருந்து, எத்தனை அடி நீளத்துக்கு, என்ன செய்து தர வேண்டும் என்பவையே தேவை. அரசியலமைப்பின்படி தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் நமக்கு உரிமை உண்டு. ஆனாலும் எங்கள் சங்கம் இரு மொழியிலும் எழுதுகிறது. அது விரைவுக்காக மாத்திரமல்ல; இரு மொழிக்காரரும் கையெழுத்து வைக்கும் கடிதம் எவருடைய தனிப் பிரச்சினையாகவும் பார்க்கப்படுவதில்லை.

இதைச் சொல்லும்போது 2019ஐக் கடந்துபோக முடியாது. அறிக்கைப் புத்தகத்தில் அவ்வருடம் மார்ச் மாதத்துக்கும் நவம்பருக்கும் இடையில் ஒரு வரிகூட இல்லை. ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு ஒரே ஒழுங்கையில் ஒருவர் முகம் பார்த்து மற்றவர் பேசாத மாதங்கள் அவை. எனக்கு அப்போது சிறு வயது. வாசலில் விளையாடவிடாமல் உம்மா உள்ளே அழைத்துக்கொண்டது நினைவிருக்கிறது. நவம்பரில் திரும்பவும் கூட்டம் கூடியதற்கு அறிக்கையில் எழுதப்பட்டுள்ள காரணம் ஒரே ஒரு சொல்: டெங்கு. அடுத்தடுத்து மூன்று வீடுகளில் காய்ச்சல். இரண்டு சிங்கள வீடுகள், ஒன்று முஸ்லிம் வீடு.

டெங்கைப் போல ஒழுங்கைச் சங்கத்துக்கென்றே அமைந்த நோய் வேறில்லை என்று சொல்லலாம். 2017இல் மட்டும் நம் நாட்டில் 1 இலட்சத்து 86 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் டெங்கு நோயாளராகப் பதிவாகினர். அதைப் பரப்பும் ஈடிஸ் நுளம்பு தான் பிறந்த இடத்திலிருந்து பொதுவாகச் சில நூறு மீட்டருக்கு அப்பால் போவதில்லை. அதாவது உங்கள் பிள்ளையைக் கடிக்கும் நுளம்பு பெரும்பாலும் உங்கள் வீட்டிலோ அயல் வீட்டிலோ பிறந்தது. ஒருவர் மட்டும் தன் முற்றத்தைத் துப்புரவாக்கிப் பயனில்லை. தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது என்பதையும் பலர் அறிவதில்லை. முட்டை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரத்தின் சுவரில் ஒட்டியிருக்கும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடிருந்து, அடுத்த மழையில் பொரிக்கும். எனவே தேய்த்துக் கழுவ வேண்டும். முட்டை நுளம்பாக ஏறத்தாழ ஏழு முதல் பத்து நாட்கள் ஆவதால், வாரம் ஒருமுறை என்ற கணக்குக் காரணத்தோடுதான் சொல்லப்படுகிறது. 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடைச் சட்டத்தின் கீழ் வளவில் குடம்பிகளை வைத்திருப்பது தண்டனைக்குரியது. ஆனால் வழக்குக்குப் பயந்து முன்வாசலைக் கூட்டும் வீடுகளில் கூரைப் பீலியும் குளிர்சாதனப் பெட்டியின் பின் தட்டும் அப்படியேதான் கிடக்கும்.

அந்த நவம்பரில் சங்கம் வீடுகளைப் பார்வையிட இரண்டிரண்டு பேராகக் குழுக்கள் அமைத்தது. ஒருவர் முஸ்லிம், மற்றவர் சிங்களவர் அல்லது தமிழர். பகலில் ஆண்கள் இல்லாத வீடுகளின் கொல்லைக்கும் குளியலறைக்கும் போக வேண்டியிருந்ததால் பெண்களே போனார்கள். எங்கள் ராத்தாவும் எதிர்வீட்டு சிங்கள மாமியும் சேர்ந்து ஒன்பது வீடுகளைப் பார்த்ததாக அறிக்கையில் உள்ளது. பெண்களின் பெயர் அந்தப் புத்தகத்தில் வருவது அதுவே முதல் தடவை.

அயலவருக்கிடையிலான பிணக்குகள் வேறு வகை. மாமரத்துச் சருகு, இரவில் குரைக்கும் நாய், திருமண வீட்டு ஒலிபெருக்கி, அடுத்தவர் வாசலை மறித்து நிறுத்திய வேன் இவற்றில் சங்கம் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பது என் கருத்து. இரு தரப்பையும் ஒரு மேசையில் அமரவைத்துத் தேநீர் கொடுப்பதோடு அதன் வேலை முடிந்துவிட வேண்டும். அதற்கு மேல் போனால் 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் மத்தியஸ்த சபை இருக்கிறது. அங்கே சட்டத்தரணிகள் வாதாடுவதில்லை. இணக்கம் காண்பதே நோக்கம். நம் தரப்பிலும் பார்க்க வேண்டியது உண்டு. உழ்ஹிய்யாக் காலத்துக் கழிவு வடிகானுக்குப் போனால் அது அயலவருக்குச் செய்யும் தொல்லையே. அந்நிஸா அத்தியாயத்தின் 36ஆம் வசனம் அயலவருக்கு நன்மை செய்யச் சொல்லும்போது நெருங்கியவர், தூரத்தவர் இருவரையும் சேர்த்தே சொல்கிறது. இப்போது அக்கழிவைக் குழி தோண்டிப் புதைக்கும் பொறுப்பை ஐந்து இளைஞர்கள் எடுத்திருக்கிறார்கள்.

இனி, சங்கம் எங்கே நின்றுவிடுகிறது என்பது. கூட்டம் இஷாவுக்குப் பிறகு இரவு எட்டரைக்கு நடந்தது. அந்த நேரத்தில் பிள்ளைகளை விட்டு எந்தத் தாய் வருவாள்? சந்தா, வாகனத் தரிப்பு, வடிகான் என்று ஆண்கள் கண்ட பிரச்சினைகளே பல வருடங்களாக நிகழ்ச்சி நிரலில் இருந்தன. கடந்த வருடம் கூட்டத்தை ஞாயிறு அஸருக்குப் பின், ஒரு வீட்டு முற்றத்துக்கு மாற்றினார்கள். முதல் கூட்டத்திலேயே 19 பெண்கள் வந்தார்கள். எவரும் அதுவரை எழுப்பாத இரண்டு விடயங்கள் வந்தன. குப்பை வண்டி வரும் நேரமும் பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பும் நேரமும் ஒன்றாயிருப்பது ஒன்று. வளைவில் உள்ள வீதி விளக்கு ஐந்து மாதமாக எரியாதது மற்றது. அந்த இருட்டுக்குப் பயந்து என் தோழியொருத்தியை அவளுடைய உம்மா மாலை இரசாயனவியல் வகுப்புக்கு அனுப்புவதை நிறுத்தியிருந்தார். உயர்தரப் பரீட்சைக்கு ஒரு வருடம்தான் இருந்தது. அதே வளைவால் ஒவ்வோர் இரவும் மோட்டார் சைக்கிளில் வந்த ஆண்களுக்கு விளக்கு அணைந்திருந்தது உறுத்தவேயில்லை. கடிதம் மறுநாளே எழுதப்பட்டது. மூன்று வாரத்தில் விளக்கு எரிந்தது. அவள் வகுப்புக்குத் திரும்பிவிட்டாள், தவறிய பாடங்களை நாங்கள் இருவரும் இப்போது படிக்கிறோம்.

குப்பை வண்டியின் நேரம் இன்னும் மாறவில்லை. மற்றொன்றும் மாறவில்லை. எங்கள் சங்க யாப்பின்படி ஒரு வீட்டுக்கு ஒரு வாக்கு, அதை அளிப்பவர் வீட்டுத் தலைவர். ஒழுங்கையின் கடைசிப் பள்ளத்தில் உள்ள விதவைத் தாயின் வீட்டுக்குத் தலைவராகப் பதிவாகியிருப்பவர் கட்டாரில் வேலை செய்யும் மகன். வெள்ளம் முதலில் நுழைவது அந்த வீட்டுக்குள்; அந்த வீட்டுக்கு வாக்கில்லை. 18 வயது பூர்த்தியான எந்த வதிவாளரும் வாக்களிக்கலாம் என்று யாப்பைத் திருத்தும் பிரேரணை வரும் ஜனவரிப் பொதுக்கூட்டத்துக்கு வருகிறது. மூன்றில் இரண்டு பெரும்பான்மை வேண்டும். முன்மொழிபவர் எதிர்வீட்டு மாமி, வழிமொழிபவர் என் உம்மா. எனக்கு 18 ஆவதற்கு இன்னும் ஏழு மாதங்கள் உள்ளன. அன்றைக்கும் அறிக்கை எழுதுவதுதான் என் வேலை.