புதுச்சேரி முற்றுகைகளின் பீரங்கிக் குண்டுகள்: எடைவழி இனங்காணலும் அதன் எல்லையும்

கருவடிக்குப்பம் என்றதும் தமிழாய்வாளர் நினைவில் எழுவது பாரதியின் குயில் தோப்பு. அவ்வூர் அமைந்த புதுச்சேரிச் சுற்றுவட்டாரமோ 1748, 1760–61, 1778, 1793 ஆகிய ஆண்டுகளில் நான்கு ஆங்கிலேய முற்றுகைகளைக் கண்டது. ஆகவே இங்கு ஓர் இரும்புக் குண்டு கிடைப்பின், கிடைத்த இடத்தை மட்டும் கொண்டு அதனை ‘லாலி காலத்தது’ எனக் குறித்தல் பொருந்தாது.

முதற்சான்று எடையே. பீரங்கிகளும் குண்டுகளும் அவை எறியும் இரும்பின் எடையாலேயே பெயர் பெற்றன. பிரெஞ்சு லிவர் ஏறத்தாழ 489.5 கிராம், ஆங்கிலப் பவுண்டு 453.6 கிராம். எனவே பிரெஞ்சு 24 லிவர் குண்டு 11.75 கிலோ, ஆங்கிலேய 24 பவுண்டுக் குண்டு 10.89 கிலோ இருத்தல் வேண்டும். இவ்வேறுபாடு தெளிவாகத் தோன்றினும் ஏமாற்றக்கூடியது. கடலோர உப்பு மண்ணில் இரண்டு நூற்றாண்டுக்குமேல் கிடந்து எடையில் ஏறக்குறைய ஏழு விழுக்காடு துருவாக உதிர்ந்தால், பிரெஞ்சுக் குண்டு ஆங்கிலேயக் குண்டாகிவிடும்! துருவின் அளவை மதிப்பிடாமல் தராசை மட்டும் நம்புதல் கூடாது. பல திசைகளில் விட்டத்தையும் அளத்தல் வேண்டும். குண்டு எந்நாட்டது என்பதும் அதனை எய்தவர் யார் என்பதும் வெவ்வேறு வினாக்கள். 1761 சனவரி 16இல் நகரம் பணிந்தபின் பிரெஞ்சுப் பீரங்கிகள் ஆங்கிலேயர் கைக்கு மாறின.

பீரங்கிகள் இவ்வகையில் நம்பகமானவை. ஆங்கிலேயப் பீரங்கியில் ‘9–2–14’ போன்று மூன்று எண்கள் காணப்படின் அவை நாளோ ஆண்டோ அல்ல. 9 அந்தர், 2 கால் அந்தர், 14 பவுண்டு, அதாவது 489 கிலோ என்னும் பீரங்கியின் சொந்த எடை. முடியுடன் கூடிய அரச முத்திரை இருப்பின் ஆட்சிக்காலமும் புலப்படும். பிரான்சில் 1732இல் வலியேர் வகுத்த முறை 4, 8, 12, 16, 24 லிவர் என்னும் ஐந்து அளவுகளையே ஏற்றது. பீரங்கி வண்டிகளின் மரம் மட்கிவிடும்; சக்கரப் பட்டை முதலான இரும்புறுப்புகளே எஞ்சக்கூடும். அவற்றை உழவு வண்டியின் பட்டையிலிருந்து பிரித்தறிதல் கடினம்.

இச்சிக்கல் பதிப்பாசிரியரையும் தொடும். 1748ஆம் ஆண்டு முற்றுகையை நகருக்குள்ளிருந்து பதிவுசெய்தவர் ஆனந்தரங்கப் பிள்ளை. அக்காலப் புதுச்சேரித் தமிழ் ஆவணமொன்றில் குண்டின் எடை ‘ராத்தல்’ என வரின், அதனை உடனே பவுண்டு எனக் குறிப்பெழுதுதல் சரியன்று. அது லிவராயின், 24 ராத்தலில் 860 கிராமுக்குச் சற்று மேற்பட்ட பிழை நேரும். அப்பிழையே குண்டைப் பகைவர் பக்கத்ததாக மாற்றிவிடும்.