புதிய ஜீப்பு வண்டிகளில் ஸ்டீரிங் தளர்ந்து அலைதல்

விளைநிலங்களுக்கு நல்ல பாதையில்லாத கிராமங்களில், நான்கு சக்கரங்களும் உந்திச் செல்லும் ஜீப்பு வகை வண்டிகளை வாங்கி உபயோகிக்கும் நிலச்சுவான்தார்கள் பலர். இவ்வண்டியைப் புதிதாக வாங்கியவர்களில் சிலர் முதல் மாதத்திலேயே ஒரு குறையைத் தெரிவிப்பதுண்டு. வாய்க்கால் கரையிலும் சேற்று நிலத்திலும் நன்றாய்ச் சென்ற வண்டி, தார் ரஸ்தாவில் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது நேரே போகாமல் அலைகிறது. ஸ்டீரிங் சக்கரத்தைச் சிறிது திருப்பினாலும் முன் சக்கரங்கள் உடனே கேட்பதில்லை. ஓட்டுபவர் ஓயாமல் திருத்திக்கொண்டே இருக்க வேண்டியதாகிறது. புது வண்டியில் இவ்வாறிருப்பது இயல்பா, பழுதா என்பதை முதலில் நிச்சயித்தல் வேண்டும். நிச்சயியாமல் ஸ்பானரை எடுப்பதால் நல்ல வண்டி கெடுவதும் உண்டு. மெய்யாகவே பழுதுள்ள வண்டியை, ‘இதன் சுபாவம் இதுதான்’ என்று பொறுத்துக்கொண்டு ஓட்டுவதால் உயிருக்கே அபாயம் நேர்வதும் உண்டு.

அமைப்பின் இயல்பு:— சாதாரணக் கார்களில் முன் சக்கரங்கள் இரண்டும் தனித்தனியே மேலும் கீழும் அசையும்படி பொருத்தப்பட்டிருக்கின்றன. ஜீப்பு வகையிற் சிலவற்றிலோ, மாட்டு வண்டியின் அச்சைப் போல, ஒரே கெட்டியான அச்சின் இரு முனைகளிலும் முன் சக்கரங்கள் இருக்கும். அமெரிக்காவில் செய்யப்படும் ராங்ளர் வண்டியும், 2023-ஆம் வருஷத்தில் இந்தியாவில் விற்பனைக்கு வந்த ஐந்து கதவு ஜிம்னி வண்டியும் இத்தகையவை. 2020-ஆம் வருஷத்தில் புதிய உருவில் வந்த தார் வண்டி இதைச் சேர்ந்ததன்று. அதன் முன் சக்கரங்கள் தனித்தனியே அசைவன. ஆதலின் தம்முடைய வண்டி எவ்வகையைச் சேர்ந்தது என்பதை வாங்கியவர் முதலில் அறிந்துகொள்ளுதல் நலம்.

கெட்டி அச்சை இன்னும் கைவிடாதிருப்பதற்குக் காரணமுண்டு. ஒரு சக்கரம் வரப்பின்மேல் ஏறும்போது மறு சக்கரம் பள்ளத்தில் அழுத்தமாய்ப் பதிகிறது. பாரத்தையும் அடியையும் தாங்கும் வலிமையும் அதிகம். ஆனால் இவ்வச்சுக்கு ஏற்ற ஸ்டீரிங் முறை சுற்றி வளைத்துச் செல்வது. ஓட்டுபவர் திருப்பும் தண்டு ஒரு ஸ்டீரிங் பெட்டிக்குள் செல்கிறது. அங்கே திருகும், அதன்மேல் எஃகுக் குண்டுகள் உருளும்படி அமைந்த மரையும் இருக்கின்றன. அவற்றால் திருப்பப்படும் பல் தண்டு பெட்டிக்கு வெளியே பிட்மேன் என்னும் கையை ஆட்டுகிறது. அக்கை ஒரு கோலைத் தள்ள, அக்கோல் சக்கரங்களைத் திருப்புகிறது. இத்தனை இணைப்புகளும் ஒவ்வொன்றும் மயிரிழையளவு இடைவெளி உடையன. கல்லின்மேல் சக்கரம் மோதும்போது அந்த அடி ஓட்டுபவர் கட்டைவிரலை ஒடிக்காமல் காப்பதும் இம்முறையே. சிறிய காரிலிருந்து இவ்வண்டிக்கு மாறியவருக்கு நடுநிலையில் கொஞ்சம் மந்தம் தோன்றுவது இயற்கை. அவர் அதைத் திருத்தப் போய் அதிகமாய்த் திருப்புவதும், பின் மறுபுறம் திருப்புவதுமாக, வண்டியின் அலைச்சலில் ஒரு பங்கு ஓட்டுபவர் கையாலேயே உண்டாகிறது. சில நூறு கிலோமீட்டர் ஓட்டிப் பழகிய பின் இது குறையும்.

எவ்வளவு வரை இயல்பு என்று கேட்கலாம். ஸ்டீரிங் சக்கரத்தின் விளிம்பில் ஏறக்குறைய 30 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட வெற்றசைவு கூடாதென்று பல கையேடுகள் வரையறுக்கின்றன. அவரவர் வண்டியின் கையேட்டிலுள்ள அளவே பிரமாணம். சிறு தளர்ச்சியும் கைக்குப் பெரிதாய்த் தோன்றும் என்பதை ஒரு கணக்கால் அறியலாம். பிட்மேன் கையின் நீளம் 15 சென்டிமீட்டர், ஸ்டீரிங் பெட்டியின் விகிதம் பதினைந்துக்கு ஒன்று, ஸ்டீரிங் சக்கரத்தின் குறுக்களவு 38 சென்டிமீட்டர் என்று கொண்டால், கையின் நுனியில் 1 மில்லிமீட்டர் தளர்ச்சி விளிம்பில் சுமார் 19 மில்லிமீட்டராகப் பெருகிக் காணும்.

ராங்ளர் வண்டியில் நேர்ந்தது:— பழுதையும் சுபாவத்தையும் பிரித்தறிவது எத்துணை அவசியம் என்பதற்கு ராங்ளர் வண்டியின் வரலாறு தக்க உதாரணம். இதன் புதிய மாதிரி 2017-ஆம் வருஷக் கடைசியில் வெளியாயிற்று. பாரத்தைக் குறைக்கும் பொருட்டுக் கதவுகள், முன் மூடி முதலியவற்றை அலுமினியத்தாற் செய்ததோடு, ஸ்டீரிங் பெட்டியின் கூட்டையும் அலுமினியத்தாற் செய்தனர். வண்டிகள் ரஸ்தாவுக்கு வந்தபின், நடுநிலையில் தளர்ச்சி, நெடுஞ்சாலையில் அலைச்சல் என்று வாங்கியவர்களிடமிருந்து முறையீடுகள் எழுந்தன. கெட்டி அச்சு வண்டிக்கு இது இயல்பே என்ற சமாதானமும் பலருக்குச் சொல்லப்பட்டது. ஆனால் 2020-ஆம் வருஷத்தில் கம்பெனியார் தம் பட்டறைகளுக்கு ஒரு தொழில்முறை அறிவிப்பு அனுப்பினர். தளர்ச்சியென்று முறையிடும் வண்டிகளில் அலுமினியக் கூட்டுப் பெட்டியை எடுத்துவிட்டு, எஃகுக் கூட்டுப் பெட்டியைப் பொருத்துவதே அதிற் கூறிய பரிகாரம்.

உலோகங்களின் குணம் இங்கே கவனிக்கத்தக்கது. ஒரே அளவு வெப்பத்துக்கு அலுமினியம் எஃகைவிட ஏறக்குறைய இரு மடங்கு விரியும். கூடு அலுமினியம், உள்ளே உருளும் திருகும் பல்லும் எஃகு என்றால், சூடேறச் சூடேற இரண்டுக்குமுள்ள இடைவெளி மாறும். 100 மில்லிமீட்டர் நீளத்தில் 60 டிகிரி சூடு ஏறினால் இரு உலோகங்களின் விரிவுக்குமுள்ள வித்தியாசம் ஒரு மில்லிமீட்டரின் நூற்றில் ஏழு பங்குக்குச் சற்றுக் குறைவு. அற்பமாய்த் தோன்றினும், பற்கள் ஒன்றையொன்று நெருங்கித் தழுவ வேண்டிய நடுநிலையில் இது அற்பமன்று.

இவ்வறிவிப்புக்கும் ‘திரும்ப அழைத்தல்’ என்பதற்கும் பேதமுண்டு. இதே வண்டியில் முன் அச்சைப் பக்கவாட்டில் தாங்கும் டிராக் பார் என்னும் கோலின் தாங்கியில் வெல்டிங் குறையிருந்ததற்காக, 2018-ஆம் வருஷத்தில் ஒரு தொகுதி வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன. அவ்வாறு அழைக்கும்போது சொந்தக்காரருக்குக் கடிதம் வரும். இலவசமாகச் செப்பனிட்டுத் தருவது கம்பெனியின் கடமை. தொழில்முறை அறிவிப்போ பட்டறைக்குச் செல்வதேயன்றிச் சொந்தக்காரருக்கு வருவதன்று. உத்தரவாதக் காலத்துக்குள் வந்து குறையை எடுத்துச் சொன்னவருக்கே பெட்டி மாற்றப்படும். வாய் திறவாதவர், தமக்குப் பரிகாரம் உண்டென்பதையே அறியாமல், உத்தரவாதம் முடியும்வரை தளர்ந்த பெட்டியோடு ஓட்டிக்கொண்டிருப்பார்.

அலைதல், இழுத்தல், நடுங்குதல்:— இம்மூன்றையும் ஒன்றாகக் கூறிப் பட்டறைக்காரரைத் திகைக்கச் செய்தல் ஆகாது. இரு புறமும் மாறி மாறிச் செல்வது அலைதல். எப்பொழுதும் ஒரே புறம் செல்வது இழுத்தல்; இந்தியாவில் தார் ரஸ்தாக்கள் நீர் வடிவதற்காக ஓரத்துக்குச் சரிந்திருப்பதால் இடப்புறம் சிறிது இழுப்பது எவ்வண்டிக்கும் உண்டு. பழைய வண்டித்தடங்களிலும் அகலமான டயர் தடத்தின் ஓரத்தைப் பற்றி ஏற முயன்று இழுக்கும். பள்ளத்தில் விழுந்ததும் முன் சக்கரங்கள் படபடவென்று அடித்துக்கொண்டு ஸ்டீரிங்கைக் கையிலிருந்து பிடுங்குவது நடுங்குதல். இதுவே மிகக் கொடியது. இது நேர்ந்தால் சக்கரத்தை உறுதியாய்ப் பிடித்து, வேகத்தைப் படிப்படியாய்க் குறைத்து நிறுத்த வேண்டும். மேற்படி ராங்ளர் வண்டியில் இந்நடுக்கத்துக்காக 2019-ஆம் வருஷத்தில் ஸ்டீரிங் டாம்பரை மாற்றிக் கொடுத்தனர். டாம்பர் நடுக்கத்தை அடக்குமேயன்றி அலைச்சலைத் தீர்க்காது. அலைச்சலுக்கென்று விலையுயர்ந்த டாம்பரைக் கடையில் வாங்கிப் போடுவது வீண் செலவு. சில சமயம் அடியிலுள்ள தளர்ச்சியை மறைத்தும் விடும்.

வீட்டிலேயே பார்க்கத்தக்கவை:— முதலாவது டயரின் காற்று. புது வண்டிகள் தொழிற்சாலையிலிருந்து வரும்போது டயர்களில் காற்று மிகுதியாய் அடைக்கப்பட்டிருப்பதுண்டு. அதைக் குறைத்துக் கொடுக்க வேண்டியவர் மறந்துவிட்டால், டயரின் நடுப்பாகம் மாத்திரம் தரையிற் பட்டு வண்டி மிதப்பது போல அலையும். டிரைவர் பக்கத்துக் கதவுத் தூணில் ஒட்டியுள்ள சீட்டில் கண்ட அளவுக்கு, வண்டி ஓடாமல் ஆறியிருக்கும் காலை வேளையில் காற்றைச் சரிசெய்து, பிறகு ஓட்டிப் பார்க்க வேண்டும். பல முறையீடுகள் இவ்வளவிலேயே தீர்ந்துவிடும். சேற்றுக்கென்று ஆழ்ந்த கட்டைகள் வெட்டிய டயர்கள் புதிதாயிருக்கும்வரை தாரில் சற்றுக் குழைந்தே ஓடும், அதற்கு மருந்தில்லை.

இரண்டாவது பாரம். உர மூட்டைகளையும் விதை நெல்லையும் பின்னச்சுக்கு அப்பால் அடுக்கினால் முன் சக்கரங்களின்மேல் பாரம் குறைந்து பிடிப்புக் கெடும். பாரத்தை இரு அச்சுகளுக்கும் நடுவே வைத்துப் பார்க்கலாம்.

மூன்றாவது, வாங்கிய கையோடு வண்டியை உயர்த்தியிருப்பது. சைக்கிளின் முன் கவை சாய்ந்திருப்பதாலன்றோ, கையை விட்டாலும் அது நேரே செல்கிறது? ஜீப்பின் முன் அச்சிலும் அத்தகைய சாய்வு ஒன்றுண்டு. காஸ்டர் என்பது அதன் பெயர். சுருள்களுக்கு அடியில் கட்டைகள் வைத்து வண்டியை உயர்த்தும்போது அச்சு உருண்டு இச்சாய்வு குறைகிறது. ஸ்டீரிங் தானே நடுவுக்குத் திரும்பும் குணம் போய்விடுகிறது. அழகுக்காக உயர்த்திவிட்டுக் கம்பெனியின்மேல் பழி சொல்வதில் நியாயமில்லை. முன் சக்கரங்கள் முன்புறத்தில் ஒன்றையொன்று இம்மியளவு நெருங்கியிருக்க வேண்டிய டோ-இன் அளவும் பிசகியிருக்கலாம். இவ்விரண்டையும் அளவு பார்க்கும் யந்திரமுள்ள பட்டறையில் சோதிக்க வேண்டும்.

இணைப்புகளைச் சோதிக்க, வண்டியைச் சமதரையில் நிறுத்திக் கைப்பிரேக் போட்டு, சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, இஞ்சினை ஓடவிட வேண்டும். ஒருவர் உள்ளிருந்து ஸ்டீரிங்கை இடமும் வலமும் சிறிதளவே அசைக்க, மற்றொருவர் பக்கத்திலிருந்து கவனிக்க வேண்டும். ஜாக்கியால் தூக்கிய வண்டிக்கு அடியில் எக்காரணத்தாலும் செல்லலாகாது. இணைப்புகளுக்கிடையில் விரலை விடலும் ஆகாது. அசைவு எவ்விடத்தில் நின்றுவிடுகிறதோ அவ்விடத்தில் தளர்ச்சி உளது. தண்டு திரும்பியும் பிட்மேன் கை அசையாதிருந்தால் குறை பெட்டியினுள். கை அசைந்து கோல் அசையாதிருந்தால் அவற்றின் மூட்டில். டிராக் பாரின் முனைப் போல்ட்டு தன் துளைக்குள் அசைந்தால் அச்சு முழுவதுமே பக்கவாட்டில் நகரும். அவ்வண்டியை வேகமாய் ஓட்டுதல் தகாது.

தொடலாகாத திருகு:— ஸ்டீரிங் பெட்டியின் மேல் பூட்டு மரையோடு கூடிய ஒரு திருகு உண்டு. ரஸ்தா ஓரத்துப் பட்டறைகளில் முதலில் நாடுவது இதையே. அரைச் சுற்று முறுக்கினதும் தளர்ச்சி மறைந்தாற்போலிருக்கும். ஆனால் உள்ளே பற்கள் நடுநிலையில் இறுகி, வளைவிலிருந்து ஸ்டீரிங் தானே மீளாது; திருகும் குண்டுகளும் தேயும்; வண்டி முன்னிலும் அதிகமாய் அலையும். பூட்டு மரையில் ஸ்பானர் பட்ட வடுவைக் கண்டால், உத்தரவாதத்தை மறுக்கக் கம்பெனிக்குக் காரணம் கிடைத்ததாகிவிடும். உத்தரவாதக் காலத்தில் இத்திருகை வெளியாட்கள் எவரும் தொடலாகாது.

முறையிடும் முறை:— காற்றும் பாரமும் சரியாயிருந்தும் அலைச்சல் நீங்காவிடில், விற்பனைக்காரரிடமுள்ள அதே மாதிரி வண்டியொன்றை அதே ரஸ்தாவில் ஓட்டிப் பார்க்கக் கேட்க வேண்டும். இதைவிடச் சிறந்த சோதனை இல்லை. அதுவும் அவ்வாறே செல்லுமாயின், அது அம்மாதிரியின் இயல்பாயிருக்கலாம். மாதிரி முழுவதற்கும் பொதுவான குறையாயுமிருக்கலாம். ஆகையால் அதற்குத் தொழில்முறை அறிவிப்பு வந்துள்ளதா என்று பட்டறையில் விசாரிக்க வேண்டும். தேதி, ஓடிய கிலோமீட்டர், டயரின் காற்று, வேகம், காற்றடித்த நிலை, விளிம்பில் அளந்த வெற்றசைவு ஆகியவற்றை எழுத்தில் கொடுத்து, அவ்வாசகம் ஜாப் கார்டில் உள்ளபடி பதியப்பட்டதா என்று பார்த்து நகல் பெற வேண்டும். ‘பொதுச் சோதனை’ என்று மாத்திரம் எழுதிய கார்டு பின்னால் எதற்கும் உதவாது.

2019-ஆம் வருஷத் திருத்தத்தால் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்ந்த 110-அ பிரிவு, அபாயகரமான குறையுள்ள வண்டிகளைத் திரும்ப அழைக்கும்படி உத்தரவிட மத்திய சர்க்காருக்கு அதிகாரம் அளிக்கிறது. தனியொருவர் நஷ்டத்துக்கு, 2019-ஆம் வருஷ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி ஜில்லாக் கமிஷனில் மனுச் செய்துகொள்ளலாம். வழக்குக்குரிய காரணம் பிறந்த நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் அதைச் செய்ய வேண்டும். கிராம உத்தியோகஸ்தர்களிடம் யோசனை கேட்டு வருவோருக்கு, மேற்கூறிய ஜாப் கார்டு நகல்களை ஒன்றுவிடாமல் சேர்த்து வைக்கும்படி அவர்கள் முதலிலேயே சொல்லிவிடுதல் உபகாரமாகும்.