சலம் சொல்லும் சேதி

2024 டிசம்பரில், வெள்ளம் வடிந்த கையோடு யாழ்ப்பாணத்தில் ஒரு காய்ச்சல் பரவிச் சில உயிர்களைப் பறித்தது. பரிசோதித்தபோது அது எலிக்காய்ச்சல் எனத் தெரிந்தது. எலியின் சலம் கலந்த நீரிலும் சேற்றிலும் இருக்கும் லெப்டோஸ்பைரா என்ற கிருமி, காலிலுள்ள கீறல் வழியே உடம்புக்குள் புகுந்து சிறுநீரகத்தின் நுண்குழாய்களைத் தாக்கும். செம்மணி வெளியில் இறங்கும் நல்லூர்க்காரருக்கு இது தூரத்துக் கதையல்ல.

"சலம் வழமைபோலத்தானே போகுது" என்று ஆறுதல்பட முடியாது. எலிக்காய்ச்சலில் சலத்தின் அளவு குறையாமலே சிறுநீரகம் பழுதாகலாம். இரத்தத்தில் பார்க்கும் கிரியேட்டினினும் பிந்தித்தான் பேசும். அது தசையில் உண்டாகும் கழிவு. சிறுநீரகத்தின் திறன் பாதியளவு குறைந்த பிறகும் பலருக்கு அது சாதாரண அளவிலேயே நிற்கும்.

முந்திச் சொல்லக்கூடியவை நொதியங்கள். நுண்குழாயின் கலங்களுக்குள், பழசானவற்றை அரைத்துத் தள்ளும் லைசோசோம் என்ற சிறு பைகள் உண்டு. அங்கே வேலை செய்யும் நொதியங்களில் ஒன்று என்.ஏ.ஜி. இது இரத்தத்திலும் உண்டு. ஆனால் அதன் மூலக்கூற்று நிறை ஏறத்தாழ 1,30,000 டால்டன். 66,000 டால்டன் நிறையுள்ள அல்புமினையே பெரும்பாலும் மறித்துவிடும் சிறுநீரக வடி இதை விடுமா? ஆகவே இது இரத்தத்தில் கூடினால் ஈரல் முதலிய வேறு உறுப்புகளைச் சந்தேகிக்கலாம். சலத்தில் கூடினால், பெரும்பாலும் நுண்குழாய்க் கலங்கள் நைந்து கசிகின்றன என்றே பொருள்.

ஆய்வுகூடத்தில் இதைக் கண்ணாலேயே காணலாம். சர்க்கரைத் துண்டொன்று ஒட்டிய நிறமற்ற பொருளைச் சலத்தோடு கலந்து 37 பாகை செல்சியஸில் வைப்பார்கள். நொதியம் அந்தத் துண்டை வெட்டிவிடும். பிறகு காரக் கரைசலை விட்டதும் மஞ்சள் எழும். மஞ்சள் கூடக்கூட நொதியமும் கூட. தண்ணீர் நிறையக் குடித்தவரின் சலம் ஐதாக இருக்கும் என்பதால், அதே சலத்திலுள்ள கிரியேட்டினினோடு ஒப்பிட்டுத்தான் கணக்குப் போடுவார்கள்.

ஆனால் நீரிழிவும் ஜென்டாமைசின் போன்ற மருந்துகளும்கூட இந்த நொதியத்தைக் கசியவைக்கும். காயம் பட்டதை அது சொல்லும். காயப்படுத்தியது யாரென்று சொல்லாது. அதைச் சொல்ல வேண்டியவர் நோயாளிதான். காய்ச்சலென்று வைத்தியரிடம் போனால், வயலிலோ வெள்ளத்திலோ இறங்கியதை முதல் வார்த்தையாகச் சொல்லிவிடுங்கள்.