சின்னமுத்துக்கு இரண்டு ஊசிகள் ஏன்?

"ஒன்பதாம் மாதத்திலேயே ஊசி போட்டாயிற்று, மூன்று வயதில் மறுபடியும் எதற்கு?" எனத் தாய்மார் பலர் வினவுவதுண்டு. வினா நியாயமானதே. கடைத்தெருவும் பாடசாலைகளும் சனநெருக்கமும் மிக்க அக்குறணை போன்ற ஊர்களில் வாழும் நாம் இதற்குரிய விடையை அறிந்திருத்தல் அவசியம்.

கருவிலிருக்கும் சிசுவுக்குத் தாயின் இரத்தத்திலிருந்து நோயெதிர்ப்புப் பொருள்கள் கிடைக்கின்றன. பிறந்த பின்னர் சில மாதங்கள் வரை அவை குழந்தையைக் காக்கின்றன. பின்னர் மெல்ல மெல்ல மறைகின்றன. தடுப்பூசியில் இருப்பதோ வலுக்குறைந்த உயிருள்ள வைரசு. தாய் தந்த காப்பு எஞ்சியிருக்கையில் ஊசி போட்டால், அக்காப்பே அவ்வைரசை அழித்துவிடும். குழந்தையின் உடல் தானாக எதிர்ப்புச் சக்தியை உண்டாக்கக் கற்றுக்கொள்ளாது. மிகவும் தாமதித்தாலோ, இடைப்பட்ட காலத்தில் நோய் புகுந்துவிடும்.

ஒன்பதாம் மாதத்தில் ஊசி பெறும் நூறு குழந்தைகளுள் ஏறத்தாழ எண்பத்தைந்து பேருக்கே காப்பு உண்டாகிறது. எஞ்சிய பதினைந்து பேரையும் பார்வையால் இனங்காண முடியாது. அவர்களுக்காகவே இரண்டாவது ஊசி எல்லோருக்கும் போடப்படுகிறது. ஆகவே, அது தேய்ந்துபோன சக்தியைப் புதுப்பிப்பதற்காக அன்று. முதல் ஊசி பலிக்காதவர்களைக் காப்பதற்காகவே என அறிதல் வேண்டும். இரண்டும் பெற்றோருள் நூற்றுக்குச் சுமார் தொண்ணூற்றேழு பேர் பாதுகாப்படைகின்றனர். அப்பாதுகாப்பும் பெரும்பாலானோரிடம் நெடுங்காலம் நிலைக்கிறது.

இலங்கையின் அனுபவமும் இதனையே உணர்த்துகிறது. 1984ஆம் ஆண்டில் இங்கு இத்தடுப்பூசி அறிமுகமாயிற்று. ஆயினும் 1999, 2000ஆம் ஆண்டுகளில் நோய் பரவலாகத் தலைகாட்டியது. அதன் பின்னர், 2001இல் மூன்று வயதுக்குரிய இரண்டாவது ஊசி சேர்க்கப்பட்டது. 2011இல் கூகைக்கட்டு, ருபெல்லா ஆகியவற்றையும் தடுக்கும் முக்கூட்டு ஊசி வந்தபோது முதலாவது ஊசி ஒரு வயதுக்கு ஒத்திவைக்கப்பட்டது. சிசுக்கள் நோயுற்றமையால் 2015இல் அது மீண்டும் ஒன்பதாம் மாதத்துக்கே கொண்டுவரப்பட்டது. 2019இல், சின்னமுத்தை ஒழித்த நாடென உலக சுகாதார நிறுவனம் இலங்கையை அறிவித்தது. எனினும் 2023இல் அந்நோய் மீண்டும் தோன்றியது. 2024 சனவரியில், கண்டி உட்படத் தெரிந்தெடுக்கப்பட்ட மாவட்டங்களில் ஆறு முதல் ஒன்பது மாதக் குழந்தைகளுக்கு மேலதிக ஊசியொன்று வழங்கப்பட்டது. வழமையான இரண்டு ஊசிகளுக்கும் அது ஈடாகாது.

காப்பற்றோர் நடுவே ஒரு நோயாளி பன்னிரண்டு முதல் பதினெட்டுப் பேர் வரை தொற்றச் செய்யக்கூடும். அவர் சென்ற பின்னரும் இரண்டு மணி நேரம்வரை கிருமி அறைக் காற்றில் தங்கியிருக்கும். ஊரில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்குக் காப்பு இருந்தாலன்றி இதனைத் தடுத்தல் அரிது. ஊசிக்குரிய வயதை எட்டாத பச்சிளங் குழந்தைக்கு அயலவரின் காப்பே அரண்.

நோய் கண்ட வீட்டில் வேப்பிலை கட்டுவது நம்மவரிடையே தொன்றுதொட்டு வரும் வழக்கம். அவ்வழக்கம் இருக்கட்டும்; வைத்தியரை நாடுவதற்கு அது தடையாகலாகாது. நியூமோனியாவும் மூளை அழற்சியும் இந்நோயின் பின்னே வரக்கூடியவை.

இன்றே குழந்தையின் சுகாதாரப் பதிவேட்டை எடுத்துப் பாருங்கள். ஒன்பது மாதம், மூன்று வயது ஆகிய இரண்டு இடங்களிலும் திகதி குறிக்கப்பட்டுள்ளதா? தவறியிருப்பின் குடும்ப சுகாதார உத்தியோகத்தரிடம் உடனே தெரிவியுங்கள். நம் பிள்ளைக்குச் செய்யும் கடமை, அயல்வீட்டுத் தொட்டிலையும் காக்கும்.